ஜஹீதா மேல் நான் போட்ட பழி

ஜஹீதாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். மந்தைவெளியில் பத்துப் பேர் அவளைத் தப்பாகப் பேசினார்கள் என்றால் அதற்குக் காரணம் என் வாய். நான் சொன்ன ஒரே ஒரு பொய். அதைத் திருப்பி எடுக்க நாலு வருஷம் ஆயிற்று. எடுத்தேனா என்பது வேறு கதை.

என் வீட்டுக்காரர் தனபாலன் கால்பந்து மாஸ்டர். மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று நினைக்க வேண்டாம். பகலில் அச்சாபீசில் பைண்டிங் வேலை. காலை நாலரைக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் மைதானம். அங்கே விளையாட்டுச் சங்கத்துப் பையன்களுக்குப் பந்து பழக்குவார். மிச்ச நேரம் இருந்தால் எனக்கு. மிச்சம் எங்கே இருந்தது!

அறுபத்தெட்டில் எனக்குக் கல்யாணம். மூன்றாவது வாரமே சங்கம் ஒரு மேட்சில் தோற்றது. மனுஷன் வீட்டுக்கு வரவில்லை. சோற்றை மூடி வைத்துப் பார்த்துப் பார்த்து, ஆத்திரம் தாங்காமல் தூக்குச்சட்டியோடு மைதானத்துக்கே போய்விட்டேன். கோல் கம்பத்தடியில் தனியாக உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "சாப்புட வாங்க" என்றேன். "நீ போ" என்றார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். தூக்குச்சட்டியோடு திரும்பி நடந்தேன்.

மைதானத்து ஓரத்தில், பந்தும் ஹாக்கி மட்டையும் பூட்டி வைக்கிற ஓட்டு அறை வாசலில் இரண்டு பெண்கள் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, பர்தாவைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள், கைதட்டிக் கூப்பிட்டாள்.

"இன்னாமே, புதுசா? ஃபுட்பால் மாஸ்டர் சம்சாரமா? வா, குந்து. நம்ம மூணு பேருமே ரெண்டாந்தாரம்தான். மொத தாரம் அதோ கீது பாரு, உருண்டுக்கினு" என்று பந்தைக் காட்டினாள்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகிவிட்டது எனக்கு. கிழித்த வேட்டித் துணியில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள்தான் ஜஹீதா. ஹாக்கி மாஸ்டர் ஷரஃபுதீனின் மனைவி, மீர்சாகிப்பேட்டைக்காரி. என்னைவிட மூன்று வயசு பெரியவள். கூட இருந்தவள் பேச்சியம்மாள். அவள் புருஷன் முருகையன் சடுகுடு மாஸ்டர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். முருகையன் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்ததால் கறை பட்ட வேட்டி, கரை கிழிந்த வேட்டி எல்லாம் பேச்சி வழியாக எங்களுக்கு வந்து சேரும்.

வேட்டி எதற்கென்றால் கட்டுப் போட. சங்கத்துக்கு டாக்டர் கிடையாது. தினம் ஒரு பையனாவது விழுவான். அதனால் சனிக்கிழமைதோறும் நாங்கள் மூவரும் கூடி, வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, வெந்நீரில் அலசி, காயவைத்துச் சுருட்டி வைப்போம். கை கிழிக்கும், வாய் புருஷன்மார்களைக் கிழிக்கும். யார் எந்தத் தோல்விக்கு எத்தனை நாள் பேசாமல் இருந்தார், யார் தூக்கத்தில் "பாஸ் பண்ணுடா" என்று கத்தினார் என்று பேச்சு ஓடும். அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் நான் அம்மா வீட்டுக்கே திரும்பிப் போயிருப்பேன்.

ஜஹீதாவின் அப்பா குஸ்தி வாத்தியார். சுளுக்கு எடுப்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. அலறுகிற பையனிடம், "நேத்து இன்னா படம்டா பாத்த?" என்று கேட்பாள். அவன் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கணுக்கால் சரியாகியிருக்கும். பையன்களுக்குத்தான் அவள் கை. வளர்ந்த ஆண்பிள்ளைகளைத் தொடமாட்டாள். எட்டி நின்று சொல்வாள், அவரவர் பெண்டாட்டி தேய்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பாள்: "வேற எங்கனா வலி கீதா?" தலை, நெஞ்சு, வயிறு என்று ஏதாவது சொன்னால் போதும், எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போ. இது என் வேலை இல்ல" என்றுவிடுவாள். எத்தனை கெஞ்சினாலும் அசையமாட்டாள்.

எனக்குப் பிரசவ வலி வந்தபோது என் வீட்டுக்காரர் திருச்சியில் பையன்களை மேட்ச் விளையாட வைத்துக்கொண்டிருந்தார். ஜஹீதாதான் ரிக்‌ஷா பிடித்து கோஷா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு நாள் என் தலைமாட்டிலேயே கிடந்தாள். என் மகள் ஜெயபாரதியை முதலில் கையில் வாங்கியவளும் அவள்தான். "பொண்ணு! இவளயாச்சும் மாஸ்டர் எவனுக்கும் கட்டிக் குடுக்காத" என்று சொல்லி நர்சையே சிரிக்கவைத்தாள்.

இப்படி ஒருத்தி மேல்தான் நான் பழியைப் போட்டேன்.

எழுபத்து மூன்று, ஜூன் மாசம். ஜூனியர் பையன்களின் மாநில அணி பெங்களூர் போட்டிக்குப் போக இருந்தது. என் வீட்டுக்காரரை உதவிப் பயிற்சியாளராகப் போட்டிருந்தார்கள். பதினைந்து வருஷம் காத்திருந்து கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ரயில். வெள்ளிக்கிழமை காலையில் சட்டையை மாட்டும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா?" என்றேன்.

"நெஞ்ச யாரோ அமுக்கற மாதிரி கீது சுலோ. ரெண்டு நாளா. யாராண்டயும் சொல்லாத. தெரிஞ்சா செக்ரட்டரி என்னை ரயில் ஏத்த மாட்டான். போய்ட்டு வந்து டாக்டராண்ட காட்டறேன். சத்தியம்."

சத்தியத்தை நம்பினேன். நம்பினேன் என்றும் சொல்ல முடியாது. அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து, எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. மாநில அணி மாஸ்டர் பெண்டாட்டி!

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் நானும் மைதானத்துக்குப் போனேன்; ஜஹீதாவும் பேச்சியும் அங்கே இருந்தார்கள். பையன்களுக்கு நடுவில் அவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வியர்வை கொட்டியது. ஓட்டு அறைக்குள் கூட்டிவந்தோம். ஜஹீதா எட்டி நின்று பார்த்தாள். பந்து பிடிக்கப் பழக்கும்போது கையை வீசியதில் பிடித்துக்கொண்டிருக்கும் என்று அவரே சொன்னார்.

"வேற எங்கனா வலி கீதா அண்ணே?"

"இல்ல தங்கச்சி."

அவள் அவரை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினாள். "சுலோ, நீ சொல்லு. நெஞ்சு கிஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"இல்ல ஜஹீதா. தோளுதான்" என்றேன்.

உப்பு வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். என் கைதான் தேய்த்தது. சனிக்கிழமை சுருட்டி வைத்த வேட்டிக் கட்டை நான்தான் இறுக்கிக் கட்டினேன். "இப்ப தேவல" என்றார் அவர், எழுந்து நின்று சிரித்தார்கூட. வீட்டுக்கு வந்து காபி கேட்டார். காபி ஆற்றிக்கொண்டு திரும்பினால் சுவரில் சாய்ந்தபடியே சரிந்திருந்தார். டாக்ஸியில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் இல்லை என்றார்கள். மணி ஏழுகூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். வீடு நிறையக் கூட்டம். சங்கத்துச் செக்ரட்டரி பஞ்சாட்சரம் வந்திருந்தார். ஷரஃபுதீன் அண்ணன் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் என் வீட்டுக்காரரும் இருபது வருஷச் சிநேகிதர்கள். பாடை தூக்கியதில் ஒரு தோள் அவருடையது. ஜஹீதா என் பக்கத்தில் உட்கார்ந்து என் மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பஞ்சாட்சரம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, முன்னாடி ஏதாவது சொன்னாரா? நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, அந்த மாதிரி? ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?"

என் மாமியார் தேவானை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரே பிள்ளை. வீடு மாமியார் பெயரில். "தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியாடி?" என்று அந்தப் பார்வையே கேட்டது. வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு இன்னா தெரியும்? ஜஹீதாதான் பிடிப்புன்னு சொன்னா. அவ பேச்சக் கேட்டுத்தான் கட்டுப் போட்டு வூட்டுக்குக் கூட்டியாந்தேன். அவ வைத்தியந்தான் என் தாலிய அறுத்துது."

சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவளைப் பார்க்கத் தைரியமில்லை.

மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். கத்தல் காதில் ஏறவில்லை. ஷரஃபுதீன் அண்ணன் கையில் சொம்போடு அப்படியே நின்றதுதான் கண்ணில் நிற்கிறது. அவர் தன் மனைவியைப் பார்த்தார். "கேட்டேனே, அவதானே இல்லன்னா" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேச்சியும் அந்த வெள்ளிக்கிழமை ஓட்டு அறையில் இருந்தாள். கேட்டால் சாட்சி சொல்லியிருப்பாள். ஜஹீதா மிச்சக் கஞ்சியையும் குழந்தைக்கு ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, பர்தாவை இறக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

அதோடு சரி. ஓட்டு அறைக்கு அவள் அப்புறம் வரவே இல்லை. பையன்கள் விழுந்தால் ஷரஃபுதீன் அண்ணன் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார் என்று கேள்விப்பட்டேன். நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனேன். சனிக்கிழமை வந்தால் கை வேட்டித் துணியைத் தேடும். பேச்சி மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய் வந்தாள். என்னிடம் வந்தால் திட்டுவாள்.

"ஏளா, ஒனக்கு மனசாட்சி இருக்கா? அவ பெத்த பயலுக்குக் கால் சுளுக்கிக் கெடக்கு, தொட மாட்டேங்கா. கைய முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு அழுதா பாத்துக்க. நான் போய் எல்லார்ட்டயும் உள்ளதச் சொல்லிப் போடுதேன்னா, 'சொன்னா நீ என் மூஞ்சிலயே முழிக்கக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டா. ஒம் மாமியாக்காரி ஒன்னயும் பிள்ளையயும் வெளிய தள்ளிருவான்னு பயம் அவளுக்கு. ஒனக்காவத்தான் பொறுத்துக்கிட்டிருக்கா, கிறுக்கச்சி!"

மாமியார் எழுபத்தைந்தில் போய்ச் சேர்ந்தார். அப்புறம் எனக்கு என்ன பயம்? ஒன்றுமில்லை. வெட்கம்தான். ராயப்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும் நாலு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை பழம்கூட வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து மீர்சாகிப்பேட்டையில் அவள் வீடு கூப்பிடு தூரம்தான். கால் நகரவில்லை. பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுவேன். அடுத்த மாசம் போகலாம், ரம்ஜானுக்குப் போகலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். கேடுகெட்ட மனசு, அதுவும் கேட்டுக்கொள்ளும்.

எழுபத்தேழு அக்டோபரில் பேச்சி வந்து சொன்னாள்: ஷரஃபுதீன் அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். அடக்கம்கூட ஆகிவிட்டது.

அன்றைக்கு என் கால் மணிக்கூண்டில் நிற்கவில்லை. ஜஹீதா உள் அறையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். வெற்றிலை போடாத வாய் வெளுத்துக் கிடந்தது. என்னைக் கண்டதும் பாயில் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. அவள் முன்னால் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் காலையிலேயே நெஞ்சு வலி என்று சொன்னது, நான் மறைத்தது, மாமியார் பார்வைக்குப் பயந்து பழியைத் தூக்கி அவள் மேல் போட்டது, ஒன்று விடாமல். "என்னை அடி ஜஹீதா, செருப்பால அடி" என்று கதறினேன்.

அவள் அடிக்கவில்லை. என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். பிறகு சொன்னாள்:

"நாலு வருசம் அவரு என்னை ஒரு வார்த்த ஏசல சுலோ. சண்டயும் போடல. ஆனா தலவலின்னாக்கூட என்னாண்ட சொல்ல மாட்டாரு. கால் வீங்கிக்கினு வந்தா, தானே தைலம் தேச்சிக்குவாரு. போன வாரம் காய்ச்சல் கொதிக்குதேன்னு நெத்தியில கை வெச்சேன். என் கையப் புடிச்சி எடுத்து, மெதுவா கீழ வெச்சிட்டாரு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நீ இப்ப சொன்னதெல்லாம் எனக்கு அன்னிக்கே தெரியும். என்னைப் பாக்காம சுவத்தப் பாத்துப் பேசுன பாரு, அப்பவே தெரியும். உன் வூட்டுப் பெரிசு போன பின்னாடியாவது நீ வருவேன்னு பாத்தேன். வந்து அவராண்ட ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்தேன். நானா சொன்னா, தப்பிச்சிக்கச் சொல்ற மாதிரி இருக்கும்னு சொல்லல. எனக்குத் தெரியும் சுலோ. அவருக்குத்தான் தெரியாது. உன்னால இப்ப போய் அவராண்ட சொல்ல முடியுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஒரு வழி இருக்கிறதா என்று கேட்பவள்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.