உள்ளங்கையில் புற்றுநோய் பார்த்தவன்

போன வருடம் எங்கள் ஊரான சாஆவில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் இலவசப் பரிசோதனை என்றார்கள். என் கணவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர், அறுபத்திரண்டு வயது. கொஞ்ச நாளாகச் சிறுநீர் போகச் சிரமப்பட்டார். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, புரோஸ்டேட் சுரப்பியைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அவர் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

மண்டபத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சின்னக் கருவி ஒன்றைக் காட்டினார். "இது நானோ சென்சர், அங்கிள். உள்ளங்கைய வச்சா போதும், கேன்சர் ஆரம்பத்திலயே தெரிஞ்சிரும்" என்றார். என் கணவர் கையை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அங்கேயே விற்ற மாத்திரைகளையும் வாங்கிக்கொண்டோம். "அதான் பச்சை வந்திருச்சே, ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அலையணும்?" என்று கேட்டவள் நான்தான்.

ஐந்தே மாதத்தில் இடுப்பு வலி தாங்காமல் படுத்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, புற்றுநோய் எலும்புக்குப் போயிருந்தது. கருவியைப் பற்றிச் சொன்னதும் அங்கிருந்த டாக்டரம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. நானோ சென்சர்களை ஆராய்ச்சிக்கூடங்களில் உண்மையிலேயே செய்து பார்க்கிறார்களாம். ஆனால் அதற்கும் ஒரு துளி இரத்தமோ சிறுநீரோ வேண்டுமாம். "உள்ளங்கைய வச்சு ஒண்ணும் தெரியாதும்மா. கடிதம் கொடுத்தப்பவே வந்திருந்தீங்கன்னா..." என்று பாதியில் நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாளில், அதே ஆள் ஆயர் ஈத்தாம் என்ற ஊருக்கு வருவதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "வேணாம் லா, விட்டுரு" என்றார் கணவர். நான் கேட்கவில்லை. அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் வரிசையில் நின்றேன். அவனுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. கணவர் கையை வைத்ததும் மறுபடியும் பச்சை.

"ரொம்ப நல்லா இருக்கீங்க, அங்கிள்" என்று சிரித்தான்.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். "இவருக்கு எலும்பு வரைக்கும் கேன்சர் போயிருக்கு. இப்ப சொல்லு, நல்லா இருக்காரா?" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவன் கருவியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினான். அன்றைக்கே போலீசில் புகார் கொடுத்தோம். இன்னும் ஒரு பதிலும் இல்லை.

கணவருக்கு இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம், நோய் கட்டுக்குள் இருக்கிறது. அவன்மேல் எனக்குள்ள கோபம் ஆறவே இல்லை. ஆனால் படித்த டாக்டர் சொன்னதைத் தட்டிவிட்டு, முன்பின் தெரியாதவன் பேச்சை நம்பிய என்மேல்தான் அதைவிடக் கோபம் வருகிறது.