பெட்டியிலிருந்து எடுக்கப்பட்ட கொய்னா

பிரெஞ்சு அரசுப் பணியேற்று, கடலுக்கு அப்பாலுள்ள மர்த்தினிக் தீவுக்குப் புறப்பட்ட என் மகனின் பெட்டியில், மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைக் குப்பியை நானே வைத்தேன். வழியனுப்பப் பாகூருக்கு வந்திருந்த மைத்துனர் சிரித்தார்.

"நல்ல நேரம் பாத்துப் பொறப்படற புள்ள பொட்டியில மருந்து வெப்பாங்களா மாமா? நோவ நாமளே கூப்புட்ட மாதிரி ஆவும்."

எடுக்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொன்னேன். கப்பல் சென்றபின், மருந்துக் குப்பி நெற்குதிரின் பின்னால் கிடைத்தது. பெட்டியில் அது இருந்த இடத்தில் முறுக்கு வைத்ததாக மைத்துனரே சொன்னார். மருத்துவரில்லாத தீவுக் கிராமமொன்றில் மகன் மலேரியாவில் இறந்தான்.

துக்கத்துக்கு வந்த மைத்துனர், "எல்லாம் விதி மாமா" என்றார்.

குப்பியை அவர்முன் வைத்தேன். "இதுக்குப் பேரு விதியா?"

இப்போது எங்களூரார் எவர் கடல் கடந்தாலும், துறைமுகம்வரை சென்று, கப்பலேறும்போது மருந்தை அவர் கையிலேயே கொடுக்கிறேன். சகுனம் பார்ப்பவர்கள் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.