இடது பக்கத்துச் சன்னல்

எங்கள் பெரியப்பா சிங்கப்பூர்ப் பயணத்துக்குத் திட்டம் போட்ட மாதிரி, வெள்ளைக்காரன் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கத் திட்டம் போட்டிருந்தால் அவர்களுக்காகப் போட்ட அவசரகாலச் சட்டம் அந்த வருசமே முடிந்திருக்கும். பெரியப்பா எங்கள் ரப்பர் தோட்டத்தில் மண்டோர். பால்வெட்டுக்காரர்களை விரட்டி வேலை வாங்குவது அவர் உத்தியோகம். மத்தியானம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த உத்தியோகத்தை அவர் கழற்றி வைத்ததில்லை. விரட்டுவதற்கு வீட்டில் நாங்கள் இருந்தோம். அப்பா அவருக்குத் தம்பி, அம்மா தம்பி பெண்டாட்டி, நான் தம்பி மகள். இப்படி வரிசையாக வாய்த்தால் எந்த மனுசன்தான் விடுவான்?

இப்போது தொழிற்சாலைகளாக நிற்கிற சுங்கை காடுட்டுக்கும் அப்பால் இருந்தது எங்கள் தோட்டம். எங்கள் வரிசை வீடுகளான லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து குவித்து, சுற்றி முள்ளுக்கம்பி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்தி, சேலை மடிப்பைக்கூட உதறிப் பார்ப்பார்கள், ஒரு பிடி சோறு வெளியே போய்விடக்கூடாது என்று. போனால் காட்டுக்காரன் தின்றுவிடுவானாம். எங்களுக்கே பத்தாத சோறு! அப்படி அடைந்து கிடந்த எனக்கு ஒன்பது வயது. கம்பிக்கு வெளியே நான் பார்த்த உலகம் பக்கத்து ஊரான ராசாவில் ஒரு கோயிலும், அதற்குப் போகிற வழியும்தான்.

அதனால், சிங்கப்பூரில் ஒரு பெரிய பார்க்கு இருக்கிறது, அதில் வானத்தைத் தொடுகிற ராட்டினம் சுற்றுகிறது, பேய் வீட்டுக்குள் ஓடுகிற ரயில் இருக்கிறது, அங்கே நம் குடும்பமே காடியில், மோட்டார் காரில், போகப்போகிறது என்று பெரியப்பா அறிவித்தபோது எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. சிங்கப்பூரில் பெரியம்மாவின் அண்ணன் இருந்தார். சேர்ந்தாற்போல இரண்டு நாள் லீவு வந்தது. விடிந்ததும் கிளம்பி, இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்து, அவர் வீட்டில் தங்கி, மறுநாள் திரும்புவது. ராசாவில் வாடகைக் காடி ஓட்டுகிற ஒருவரிடம் பேசியும் வைத்தாகிவிட்டது.

பெரியப்பா தம்பின் ஊருக்குத் தெற்கே போனதே கிடையாது. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவருக்கும்தான். வழியில் எந்த ஊரில் என்ன இருக்கும், மேலே போகும் ராட்டினத்தில் எப்படி மூச்சு விடவேண்டும், பட்டாளத்துக்காரன் காடியை மறித்தால் எப்படிச் சிரிக்கவேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ரொம்பப் பல்லைக் காட்டினாலும் சந்தேகப்படுவான், காட்டாவிட்டாலும் சந்தேகப்படுவான் என்று அளவாகச் சிரிக்கப் பழக்கினார். பெரியம்மாவுக்கு ஒரே கவலை, கட்டுச்சோறு. புளிச்சோறு இல்லாமல் ஒரு பயணமா? கேட்டில் பிடிப்பான் என்று சொன்னால், "புளிச்சோத்த எந்தக் காட்டுக்காரன் திங்கப் போறான், அவன் சீனன்லா" என்று நியாயம் பேசினாள். அவளை அடக்கவே ஒரு வாரம் போனது.

பிறகு வந்தது உட்காரும் வரிசை. இதற்கு ஒத்திகை வேண்டும் என்றார் பெரியப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் இரண்டு பலகைகளை முன்னும் பின்னுமாகப் போட்டார். அதுதான் காடி. அக்கம்பக்கத்து ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூடிவிட்டார்கள். அவர்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு, பாவம்.

"முன்னால டிரைவருக்குப் பக்கத்துல யாரு?" என்று பெரியப்பாவே கேட்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். கல்யாணப் பந்தியானாலும் சரி, கோயில் காளாஞ்சியானாலும் சரி, முதல் ஆளாக நின்று வாங்குகிற மனுசன். அவர் என்ன செய்தார் தெரியுமா? அப்பாவின் தோளில் கையைப் போட்டு, "தம்பி, நீ உக்காருடா. நல்லா காத்து வரும். நான் பின்னால பொம்பளைங்களோட ஒண்டிக்கிறேன்" என்றார்.

அப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்பா புகைவீட்டில் ரப்பர் ஷீட்டுகளோடு ஷீட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தவர். அவருக்கு யாரும் அதுவரை நல்ல நாற்காலிகூடக் கொடுத்ததில்லை. அன்றைக்கே பலகையில் உட்கார்ந்து, சன்னலில் முழங்கையை எப்படி வைத்துக்கொள்வது என்று பழக ஆரம்பித்துவிட்டார்.

பின்னால் வரிசை இப்படி: வலது சன்னலோரம் பெரியம்மா. அவளை ஒட்டிப் பெரியப்பா. அப்புறம் அவர்களுடைய ஒரே மகன், என்னைவிட மூன்று வயது பெரியவன், எனக்கு அண்ணன். தம்பி பெண்டாட்டி மூத்தாரை உரசி உட்காரக்கூடாது என்பதால் அவனுக்கு அடுத்து அம்மா. அம்மாவை ஒட்டி இடது சன்னலோரம், நான்.

நான்! அண்ணன் சன்னல் கேட்டு வாசலில் புரண்டு அழுதான். பெரியப்பா அசையவில்லை. "சன்னலு தங்கச்சிக்குத்தான். போகும்போதும் அவதான், வரும்போதும் அவதான்" என்றார். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு முட்டை பொரித்தால் அது அவனுக்கு. எண்ணெய்ச் சட்டியில் ஒட்டியது எனக்கு. புதுச் சட்டை அவனுக்கு, பழையதை வெட்டித் தைத்தது எனக்கு. அப்படிப்பட்டவன் அழுது கேட்ட ஒன்று எனக்குக் கிடைத்தது. அடேயப்பா, அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பெரியப்பாவை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

நாலு நாள் பழிப்புக் காட்டினேன். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தண்ணிக் குழாயடியில் என்னை மடக்கி, "போடி லூசு. எங்கப்பா எங்கம்மாகிட்ட சொன்னாரு, நான் கேட்டேன். ரோட்டுல இடது பக்கமாத்தான் காடி போவும். இடது பக்கத்து மேட்டுலேருந்துதான் காட்டுக்காரன் கிட்டக்கச் சுடுவான். முன்னால சித்தப்பாவுக்குப் படும். பின்னால மொத குண்டு ஒனக்குத்தான்" என்றான்.

நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் 'மொத' என்ற ஒரு வார்த்தைதான். ஓடினேன் அம்மாவிடம். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, குண்டு வந்தா மொதல்ல எனக்குத்தானாம்! அண்ணனுக்கு இல்லியாம்! அண்ணனே சொல்லுச்சு!"

அம்மா துணியை அப்படியே கல்லில் போட்டாள். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, அப்பாவைப் பற்றிப் பெரியப்பா என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுதான் ஏமாற்றமாக இருந்தது, பாராட்டவும் இல்லையே என்று.

சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அப்பா குதித்தார். "எங்கண்ணன் அப்படி நெனைக்கிற ஆளா? வாழ்க்கையில ஒரு தடவ எனக்கு முன்னால எடம் குடுத்திருக்காரு. அது ஒனக்குப் பொறுக்கலயா?" என்றார். அம்மா அதற்குமேல் பேசவில்லை. பேசாத அம்மாவிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு மறுபடி ஒத்திகை. மறுபடி பலகை, மறுபடி கூட்டம். எல்லோரும் உட்காரப்போகும்போது அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ரொம்பப் பணிவாக முன்னே வந்தாள்.

"மாமா, தப்பா நெனைக்கக்கூடாது. நீங்க வீட்டுக்கு மூத்தவங்க, மண்டோரு. நீங்க பின்னால நசுங்கிக்கிட்டு, தம்பிக்காரரு முன்னால காலை நீட்டிக்கிட்டுப் போனா, ஊரு எங்களத்தான் காறித் துப்பும். முன்னால நீங்கதான் உக்காரணும். அப்புறம் புள்ள சன்னலு சன்னலுன்னு உருண்டு அழுவுது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குச் சன்னலு? அவனுக்கே குடுத்துருவோம்."

கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அதானே மொறை." "பரவால்லலா, படிக்காட்டியும் மரியாத தெரிஞ்ச பொம்பள." ஆளாளுக்குப் பேசினார்கள். பெரியப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்லம்மா... எனக்குக் காத்து ஆவாது" என்றார்.

"கண்ணாடிய ஏத்திக்கலாம் மாமா" என்றாள் அம்மா.

கூட்டத்தில் ஒருவர் அண்ணனைத் தூக்கி இடது ஓரத்தில் வைத்தார். அவ்வளவுதான். போன ஞாயிறு சன்னலுக்குப் புரண்டு அழுதவன், சூடுபட்ட மாதிரி துள்ளி எழுந்தான். "எனக்கு வேணாம்! எனக்கு வேணாம்! அங்கதான் குண்டு படும்னு நீங்கதானப்பா சொன்னீங்க! அவளயே வைங்க!"

கடைசியில் நின்ற ஒரு பால்வெட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், மண்டோரைப் பார்த்துச் சிரிக்கிற பாக்கியம் தினமுமா கிடைக்கும்? பெரியப்பா பலகைகளைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அப்பா மட்டும், "புள்ள என்னமோ ஒளறுது" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் வழியிலுள்ள ஜோகூர்ப் பக்கம் நிலவரம் சரியில்லை என்று பெரியப்பாவுக்குத் திடீரென்று தெரிந்துவிட்டது. பயணம் நின்றது. தன் மரியாதையைப் பெண்டாட்டி பிடுங்கிவிட்டாள் என்று அப்பா அவளோடு பேசவே இல்லை. என் சன்னலைப் பிடுங்கிவிட்டாள் என்று நானும் பேசவில்லை. பெரியம்மா, "குடும்பத்தக் கெடுக்க வந்தவ" என்று சுவரைப் பார்த்துப் பேசினாள். அம்மா விடிகாலையில் எழுந்து பால்வெட்டப் போனாள், வந்தாள், சமைத்தாள். நாங்கள் தின்றோம். அதற்கு மட்டும் யாருக்கும் கோபம் வரவில்லை.

பேசி வைத்த காடியை விடுவார்களா? அடுத்த லயத்துக் குடும்பம் ஒன்று அதே லீவில் அதே காடியில் சிங்கப்பூருக்குப் போனது. போய்விட்டுச் சௌக்கியமாகத் திரும்பியும் வந்தது. வழியில் ஒரு வெடிச்சத்தம்கூடக் கேட்கவில்லையாம். அந்த வீட்டுப் பெண், என் வயசுதான், பஞ்சுமிட்டாய் சுற்றிய குச்சியைக்கூட எறியாமல் கொண்டுவந்து காட்டினாள். ராட்டினம் உச்சியில் நின்றபோது கப்பலெல்லாம் தெரிந்தது என்றாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஓடினேன். அம்மா பின்வாசலில் பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? குண்டே வரல! எல்லாரும் போயிட்டு நல்லாத்தான் வந்திருக்காங்க! ஒன்னாலதான் எல்லாம் கெட்டுச்சு!" என்று கத்தினேன். கையில் கிடைத்த தேங்காய்த் தொட்டியைத் தூக்கி எறிந்தேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"குண்டு வரலதான்டி" என்றாள். "ஆனா ஒன்ன அங்கதானே வச்சாங்க."