உறுமல் நின்ற வீடு

எங்கள் சமையலறை அலமாரியில், சீரகத்துக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில், கட்டைவிரல் உயரத்தில் ஒரு கருப்பு டப்பா இருக்கிறது. கேமராவில் ஃபிலிம் சுருள் போட்டுப் படம் எடுத்த நாட்களில் சுருளோடு வருமே, சாம்பல் நிற மூடி வைத்தது, அதுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எடுத்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே கொஞ்சம் பொட்டுக்கடலை கிடந்து கிலுகிலுக்கும். அவர்கள் சிரிப்பார்கள். நான் மட்டும் அதை வாங்கி மறுபடி அதே இடத்தில் வைப்பேன். அதை எனக்குக் கொடுத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். எங்கள் வீட்டில் அவருக்கு 'டாக்டர்' என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

அப்போது என் மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் வீடு. கணவருக்கு நாவலூரில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். பகல் முழுக்க நான், குழந்தை, என் மாமியார், ஜிம்மி. ஜிம்மி நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்த நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். மாமா காலமாகி, மகனும் வேலைக்காக வெளியூரில் இருந்த வருடங்களில் அத்தைக்குப் பேச்சுத் துணை அதுதான். என்னைவிட அதற்கு அந்த வீட்டில் உரிமை அதிகம் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே என் பயத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது.

பயம் என்றால் சாதாரண பயம் இல்லை. படித்தவள்தான், பட்டம் வாங்கியவள்தான். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் குழந்தையை நோக்கித் திரும்பிக்கொண்ட மாதிரி தோன்றியது. மின்விசிறியின் கொக்கி, அடுப்பங்கரைக் கத்தி, ஏரியிலிருந்து வரும் கொசு. நாய் கடித்த செய்தி பேப்பரில் வந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு, பிறகு தனியாக எடுத்துப் படிப்பேன். படித்துவிட்டு, ஏன் படித்தோம் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ஒரு நாள் குழந்தை கொல்லைக் கதவுப் பக்கம் தவழ்ந்து போனபோது ஜிம்மி உறுமியது. பல் தெரியவில்லை. தொண்டைக்குள்ளிருந்து வந்த ஒரு நீளமான சத்தம், அவ்வளவுதான். அன்று வீட்டில் இருந்த கணவர் பேப்பரைச் சுருட்டி அதன் மூக்கில் அடித்தார். அடுத்த முறையும் அடித்தார். அவர் இல்லாத நேரத்தில் நான் பேப்பரைக் கையில் எடுத்தாலே போதும், அது தலையைத் தாழ்த்திக்கொள்ளும். கொஞ்ச நாளில் உறுமல் அடியோடு நின்றுவிட்டது. "பாத்தியா, ஒரு தட்டு தட்டினா சரியாயிடும்" என்றார் அவர். எனக்கும் பெரிய நிம்மதி. ஆனாலும் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருவது மட்டும் நிற்கவில்லை.

வருடாந்தரத் தடுப்பூசிக்காக ஜிம்மியைக் கிழக்குத் தாம்பரத்தில் இருந்த அந்தச் சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். புதிதாக வந்திருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, அதன் மேல் வெள்ளைக் கோட்டு. மார்க்கெட் தெருவில் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவரின் மகள். வீட்டில் நாய் வளர்க்கிற வழக்கமே இல்லாத குடும்பம். தொழுகைக்கு என்று நாய் எச்சில் படாத ஒரு ஜோடித் துணியைத் தனியாகக் கிளினிக் அலமாரியில் வைத்திருப்பார். "எங்கம்மா இன்னும் என்னெ வாசல்லயே நிறுத்தி, 'குளிச்சிட்டு வா'ன்னு வாளியைக் காட்டுவாங்க" என்று சிரித்துக்கொண்டே ஊசியில் மருந்தை ஏற்றினார். நான் பெருமையாகச் சொன்னேன்: "குழந்தையைப் பாத்து உறுமிட்டிருந்தது டாக்டர். இப்ப சுத்தமா நின்னுடுச்சு."

அவர் கை அப்படியே நின்றது.

"எப்படி நின்னுச்சு?"

சொன்னேன். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது, ஏனென்றால் அதில் என் பயம் இருந்தது. "உறுமுனப்ப எனக்குப் பயம் இல்லீங்க. இப்பதான் பயமா இருக்கு. உறுமுறதுன்னா, 'எனக்குப் புடிக்கல, தள்ளிப் போ'ன்னு சொல்லுது. அதைச் சொன்னா அடி விழுதுன்னு இப்ப வாயை மூடிக்கிச்சு. புடிக்காதது போகல. சொல்றது மட்டும்தான் போச்சு." பிறகு தன் முழங்கைக்குக் கீழே இருந்த ஒரு தழும்பைக் காட்டினார். "இது ஒரு சத்தமே போடாத நாய் கடிச்சது."

அன்று ஆட்டோவில் திரும்பும்போது குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜிம்மி காலடியில் அமைதியாகப் படுத்திருந்தது. அந்த அமைதியைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்தது.

விஷயத்தைக் கேட்ட கணவர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவருடைய ஆபீஸ் நண்பருக்குக் கோவளம் சொந்த ஊர். ஜிம்மியை அங்கே படகுகள் கரையேறும் இடத்தில் விட்டுவிட்டால் மீன் தின்றே பிழைத்துக்கொள்ளும் என்றார். அத்தை இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, "தயிர்சாதம் தின்ன நாய் மீனுக்கு எங்கடா சண்டை போடும்?" என்று மட்டும் கேட்டார். நாய் இருந்தால் என் மகளின் முகம். நாய் போனால் அத்தையின் முகம். இரண்டையும் நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் மறுபடி டாக்டரிடம்தான் ஓடினேன்.

அவர் எல்லாம் தெரிந்தவர் மாதிரி பேசியதே இல்லை. முதலில் காதில் சீழ் இருக்கும், வலியில் உறுமுகிறது என்று நினைத்தார். பார்த்தால் காது சுத்தம். இடுப்பை அமுக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். ஒன்றுமில்லை. "தெரியலியே" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "சும்மா ஒரு நாய் மாறாது. காரணம் வீட்லதான் எங்கியோ கீது. வெள்ளிக்கிழமை கிளினிக் லீவு. சாயங்காலமா வந்து ஒக்காந்து பாக்கட்டுமா?"

வந்தார். அத்தை காபி கொடுத்துவிட்டு, விளக்கேற்றிய கையோடு வழக்கமான வேலையை ஆரம்பித்தார். குழந்தைக்குத் திருஷ்டி கழிப்பது. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு தவறாது. கொல்லைக் கதவு நிலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். உப்பு, கடுகு, காய்ந்த மிளகாயைக் கைக்குள் மூடிக்கொண்டு அத்தை சுற்றுவார். பிறகு கொல்லையில் தயாராக இருக்கும் கரிச்சட்டியில் போடுவார். குழந்தை கொல்லைப் பக்கம் வருவதால் எச்சரிக்கையாக ஜிம்மியை அந்த நேரத்தில் துவைக்கிற கல்லோடு சேர்த்துச் சங்கிலியில் கட்டிவிடுவோம். அன்றும் கட்டினோம்.

மிளகாய் வெடித்தது. அத்தை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "நெடியே வரல பாருங்கோ டாக்டரம்மா. அவ்வளவு கண்ணு! சுத்தச் சுத்தக் குறையவே மாட்டேங்கறது" என்றார். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அதனால்தான் வாரத்தில் ஒரு நாளாக இருந்தது மூன்று நாளானது. நாய் உறுமிய பிறகு நானேகூட, "இன்னிக்கும் சுத்திடலாமா அத்தை?" என்று கேட்டிருக்கிறேன்.

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தது துவைக்கிற கல்லை. ஏரிப் பக்கக் காற்று வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிற திசையில் அடித்துக்கொண்டிருந்தது. கரிச்சட்டிப் புகை முழுதும் மதிலில் மோதி அந்த மூலையில் திரண்டிருந்தது. அதற்குள் ஜிம்மி. சங்கிலி நீளும் வரை இழுத்து, தலையைத் தரையில் தேய்த்து, தும்மிக்கொண்டே இருந்தது. சத்தம் இல்லை. நடுநடுவே நிமிர்ந்து அது பார்த்தது கரிச்சட்டியை இல்லை, அத்தையை இல்லை. என் மடியில் இருந்த குழந்தையை.

இத்தனை மாதமும் நானும்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நாயைப் பார்க்கவில்லை.

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் திணறியபோது டாக்டர் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "எங்க வூட்லயும் எங்கம்மா மொளகா சுத்திப் போடுவாங்கம்மா. எம்புள்ளைக்கும்தான். அதை நிறுத்தச் சொல்லல. நம்ம மூக்குக்கே மொளகா நெடின்னா எரியுது, அதுக்கு எப்படி இருக்கும்? இந்தக் கொழந்தை வந்து ஒக்காந்தா சங்கிலி, அப்புறம் பொகை. அதுங்கணக்குல கொழந்தைதான் பொகை. வாசப்பக்கம் வச்சுச் சுத்துங்க, இவன் கொல்லையில கட்டாம நிம்மதியா இருக்கட்டும்."

"சாங்கியத்துல கை வைக்கப்படாதும்மா" என்றார் அத்தை. ஆனால் குரலில் பிடிவாதம் இல்லை. ஜிம்மியின் சங்கிலியை அவிழ்த்து, தன் முந்தானையை நனைத்து அதன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் வாசலில் சுற்றினார். காற்று நேராகப் புகையைக் கூடத்துக்குள் கொண்டுவந்தது. நான், குழந்தை, அன்று சீக்கிரம் வந்திருந்த கணவர் எல்லோரும் இருமி இருமிக் கண்ணீர் விட்டோம். அத்தை இருமலுக்கு நடுவே கையைத் தட்டினார். "நெடி வந்துடுத்து! கண்ணு போயிடுத்துடா!" அதன்பிறகு வாரம் ஒரு நாளே போதும் என்று அவரே சொல்லிவிட்டார். கோவளம் பேச்சைக் கணவர் ஒரு மாதத்துக்கு ஒத்திவைத்தார்.

அந்த மாதத்துக்குத்தான் இந்த டப்பா. அப்பாவின் ஸ்டூடியோவில் மூட்டையாகக் கிடக்கிறது என்று டாக்டர் கொண்டுவந்து கொடுத்தார். கோழி ஈரல் வேகவைத்துக் கொடுக்கச் சொன்னதும் அத்தை காதைப் பொத்திக்கொண்டார். சீஸ் என்றதும், "எம்புள்ளைக்கே நான் அதெல்லாம் வாங்கிக் குடுத்ததில்லை" என்றார். கடைசியில் பொட்டுக்கடலையில் சமாதானம் ஆனது. குழந்தை கூடத்தின் இந்தக் கோடியில், ஜிம்மி அந்தக் கோடியில். குழந்தை கண்ணில் பட்டதும் டப்பாவை ஆட்டிக் கடலை போட வேண்டும். குழந்தை உள்ளே போனதும் கடலையும் நின்றுவிட வேண்டும். "சொன்னதைக் கேக்க வைக்கிறது அப்புறம். கொழந்தை வந்தா நல்லது வருதுன்னு மொதல்ல புரியட்டும்" என்றார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான், கிட்டே தள்ளக் கூடாது. எவ்வளவு பழகினாலும் இருவரையும் தனியாக விடவே கூடாது. நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். செய்துவிட்டு, கடலை அதிகமாகிவிட்டதோ, தூரம் குறைந்துவிட்டதோ என்று அவருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் சலித்துக்கொண்டதே இல்லை. "பயப்படுறீங்கள்ல, நல்லது. அதோட கொஞ்சம் பாருங்க. அவன் வால், காது, வாய் எல்லாம் பேசிக்கினேதான் இருக்கு" என்பார்.

பிறகு அந்த மத்தியானம். திடீர் மழை. கூடத்தில் அத்தை பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. துணியை எடுக்க மாடிக்கு ஓடினேன். இறங்கி வந்தபோது அத்தை கண்ணயர்ந்திருந்தார். பாய் காலி. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

தாழ்வாரத்தில் மதிலுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் ஜிம்மி. வெளியே வரும் வழியை அடைத்தபடி என் மகள். அதன் மடங்கிய காதை ஒரு கையால் பிடித்திருந்தாள். நாய் உறுமவில்லை. வாய் மூடியிருந்தது, உடம்பு கட்டை மாதிரி விறைத்திருந்தது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. டாக்டர் கையில் பார்த்த அந்தத் தழும்பு என் கண்முன்னே வந்தது. கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. கத்தக் கூடாது, ஓடக் கூடாது என்று அவர் போனில் சொல்லியிருந்தது எங்கிருந்தோ கேட்டது. இடுப்பில் செருகியிருந்த டப்பாவை எடுத்தேன். அதை நான் ஆட்டவே இல்லை. என் கை நடுங்கிய நடுக்கத்தில் அதுவே கிலுகிலுத்தது.

பிடிபடாத காது அசைந்தது. கண் என் பக்கம் திரும்பியது. ஜிம்மி மெல்லத் தலையை விடுவித்துக்கொண்டு, குழந்தையின் நீட்டிய கால்களைத் தாண்டி, என்னிடம் வந்து உட்கார்ந்தது. டப்பாவை அப்படியே தரையில் கவிழ்த்தேன். குழந்தையைத் தூக்கிய பிறகுதான் அழுதேன்.

கணவர் கோவளம் என்ற பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. கொல்லைக் கதவுக்குக் குழந்தையின் கை எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போட்டார். கொஞ்ச நாள் கழித்து, ஜிம்மி சாப்பிடும்போது மகள் அதன் தட்டை நோக்கிப் போனாள். தொண்டைக்குள்ளிருந்து அந்தப் பழைய சத்தம் வந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் யாரும் பேப்பரைத் தேடவில்லை. அத்தை பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அது வேணாங்கறதுடி கண்ணு. நாம இந்தப் பக்கம் போவோம்" என்றார். போனில் சொன்னபோது டாக்டர் கத்தியே விட்டார். "உறுமுச்சா? வாய் தொறந்துச்சா? ஸ்வீட் எடுத்துக்கினு வாங்க!" பிறகு அவர் கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து அங்கே போய்விட்டார். ஜிம்மி போன வருடம், வயதாகி, அத்தையின் கட்டிலடியில் படுத்தபடியே போய்ச் சேர்ந்தது. அதற்குள் மகளும் டப்பாச் சத்தத்துக்கு ஓடிவந்து கடலைக்குக் கை நீட்டப் பழகியிருந்தாள். "யாருக்கு ட்ரெயினிங் குடுத்தேள்னே தெரியலை" என்பார் அத்தை.

இந்த ஜூனில் மகள் ஒன்றாம் வகுப்பு போக ஆரம்பித்தாள். வாயாடி. ஆனால் சில வாரங்களாக வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். பள்ளியில் விசாரித்தேன். "ரொம்ப நல்ல பொண்ணு மேடம். முதல்ல கொஞ்சம் அடம் பிடிச்சா, இப்ப சத்தமே போடறதில்லை" என்றார் அவளுடைய டீச்சர். மற்ற அம்மாக்கள் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள். அன்று டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்த சத்தம் எனக்கு மறுபடி கேட்டது.

நேற்று சாயங்காலம் அவள் படுக்கையறையில் போர்வைக்குள் சுருண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டால் இன்னும் உள்ளே போய்விடுவாளோ என்று வாசற்படியிலேயே நின்றேன். பிறகு போய் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துவந்து, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, ஒரு முறை ஆட்டினேன். போர்வை அசையவில்லை. என் கை மறுபடி நடுங்கியது. டப்பா தானே கிலுகிலுத்தது.

"ஐயோ அம்மா! நான் என்ன ஜிம்மியா?"

போர்வைக்குள்ளிருந்து எரிச்சலாக வந்தது குரல்.

"எனக்கு அந்த ஸ்கூல் வேணாம். போ."

உறுமிவிட்டாள். நான் எழுந்து கிட்டே போகவில்லை. மூடியைத் திறந்து, அவள் திரும்பினால் தெரிகிற மாதிரி டப்பாவை வாசற்படிக்கு உள்ளே தள்ளி வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.