மாதாவுக்காக நிமிர்த்திய மீன் வண்டி

1

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரியில் கிளீனர், சவுதியில் கராஜ் வேலை என்று சுற்றிவிட்டு, கோட்டாற்றில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். நான்காம் நாள் பெர்னார்டு தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். கடற்கரை ஊர்க்காரர். வருடம் முழுக்க மீன் ஏற்றும் வண்டி அது. ஊர்த் திருவிழாவுக்கு மட்டும் கழுவித் துடைத்து, அதன்மேல் மாதா சுரூபத்தை வைத்துப் பவனி போவார்கள்.

“வண்டிக்க மூக்கப் பாரு மக்கா, குத்திக்கிட்டு நிக்கு. மாதா குனிஞ்சு மீனுக்கு வெல கேக்குத மாதிரி இருக்குன்னு போன வருசம் ஊரே சிரிச்சுது. முன்பக்கத்தக் கொஞ்சம் தூக்கித் தா.”

பட்டறை முதலாளி செல்லையா டயர் அருகே குந்திப் பார்த்தார். “வெறும் வண்டில்லா, அப்பிடித்தான் நிக்கும். சொமக்கதுக்குச் செஞ்ச வண்டி வேய்.”

நான்தான் குறுக்கே புகுந்தேன். “சவுதியில இதுதான் எனக்க வேல. ஒரு மணிக்கூர்ல முடிச்சிரலாம்.”

“செய்தியன்னா செய்யி. திருவிழா முடிஞ்ச ஒடனே எறக்கிரணும், கேட்டியா?” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

அந்த வண்டியின் சுமையைத் தாங்குவது பின்னால் அடுக்குத் தகடான கமான் பட்டை, முன்னால் டார்ஷன் பார். டார்ஷன் பார் என்பது முறுக்கித் தாங்கும் ஒரு கம்பி. அதன் முனையில் உள்ள போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். இரண்டு பக்கமும் எட்டு எட்டுச் சுற்று இறுக்கினேன். பாடிமேல் ரசமட்டம் வைத்தேன். குமிழ் நடுவில் நின்றது. அந்த வருடம் மாதா நிமிர்ந்துதான் பவனி போனாள்.

2

மறுநாளே பெர்னார்டுக்கு நல்ல மீன் கிடைத்துவிட்டது. முன்பக்கத்தை இறக்க வண்டியைப் பட்டறைக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தினார். “இப்பதான் வண்டி பாக்க ஜம்முன்னு நிக்கு, கெடக்கட்டும்” என்றார். திருநெல்வேலியில் உதிரிபாகம் வாங்க வேண்டியிருந்ததால் நானும் டூல் பையோடு ஏறிக்கொண்டேன். பின்னால் உயரம் உயரமாக ஐஸ் போட்ட பெட்டிகள்.

தோவாளை தாண்டும்போது, “ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இருக்கு மக்கா, நல்ல கைவேல” என்று மெச்சினார். நான் கண்ணாடி வழியே முன்னால் பார்த்தேன். சாலை தெரியவேண்டிய இடத்தில் பானெட் தெரிந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பக்கவாட்டில் அறைந்து வண்டியை நடுச்சாலைக்குத் தள்ளியது. சாலையில் ஒரு பள்ளம். அதைத் தாண்டும்போது பெர்னார்டு இடப்பக்கம் ஒடித்தார். வண்டி நேரே போனது. எதிரே பஸ்.

“மாதாவே” என்றார், சத்தமில்லாமல். டயர் மறுபடி தரையைப் பிடித்தது. இடப்புற மண்ணில் இறங்கி நின்றோம். பஸ் ஹாரன் அடித்தபடி உரசுகிற மாதிரி கடந்து போனது.

அவர் வெகுநேரம் ஸ்டியரிங்கை விடவில்லை. பிறகு, “எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. சுமையில் பின்பக்கம் அமுங்க, நான் உயர்த்திய முன்பக்கம் இன்னும் அண்ணாந்து, முன் டயர்களில் கனம் குறைந்துவிட்டது. இறுக்கிய கம்பி, சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க இடம் வைக்கவில்லை. அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பி என்ன?

ஜாக்கி வைத்து அடியில் படுத்தேன். ஐஸ் தண்ணீர் மீன் வாடையோடு முகத்தில் சொட்டியது. எட்டு எட்டுச் சுற்றையும் எண்ணித் தளர்த்தினேன். சக்கரங்கள் படிய வண்டியை முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தச் சொல்லி, பாடிமேல் ரசமட்டத்தை வைத்தேன்.

குமிழ் நடுவில் வந்து நின்றது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பட்டறையில் மூக்கைக் குத்தி நின்ற அதே வண்டி, சுமையோடு தட்டு மாதிரி மட்டமாக நின்றது. எங்கோ ஓர் ஆலையில், பெர்னார்டையோ அவர் மீன் பெட்டிகளையோ கண்ணால் பாராத ஒருவர், இந்தக் கனத்துக்கு முன்கூட்டியே இடம் விட்டு வைத்திருக்கிறார். வெறும் வண்டியில் பின்பக்கம் உயர்ந்திருப்பது வரப்போகிற சுமைக்கான இடம். அதைத்தான் நான் குறை என்று நினைத்து அடைத்திருக்கிறேன். தலைக்கு மேல் கணவாயின் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்னடே, அதுக்குள்ள மாதா தெரியுதாளா?” என்றார் பெர்னார்டு. “ஏறு. ஐஸ் உருகுது.”

திருநெல்வேலி வரை பைய ஓட்டினார். ஸ்டியரிங் கனமாக இருப்பதாக ஒருமுறை சொன்னார். அதுபோல நிம்மதியான புகாரை நான் கேட்டதில்லை.

3

பிக்கப்பை மட்டமாக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சவுதியில் என்னிடம் வந்தவை சுமை தூக்காத வண்டிகள். முன்பக்கத்தை உயர்த்தினோம், ஓடின. அவை எதையும் சுமக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. அப்படிப்பட்ட வண்டியைக் கொஞ்சம் உயர்த்தலாம். உயர்த்தினால் வீல் அலைன்மென்ட் பாருங்கள், ஹெட்லைட் வெளிச்சத்தை இறக்கி வையுங்கள். ஆனால் சுமக்கிற வண்டி வந்தால், வழக்கமான சுமையை ஏற்றி வரச்சொல்லி, அதன் பிறகு மட்டம் பாருங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு பெர்னார்டு கூப்பிட்டார், போனேன். மாதாவின் பீடத்துக்கு அடியில், முன்பக்கம், ஒரு பலகையை ஆப்பாகச் சீவிச் செருகினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.