முடிச்சில்லாத தொப்பி

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் சனிக்கிழமை மதியங்களில் குரோஷா பின்னல் சொல்லித் தருகிறேன். முதல் வகுப்பில் யாருக்கும் ஊசி கிடையாது. பழைய நைட்டிகளை நீளநீளமாகக் கிழித்து வைத்திருப்பேன். அதில் விரலாலேயே சங்கிலி பின்ன வேண்டும். பின்னியதைப் பக்கத்தில் இருப்பவர் நுனியைப் பிடித்து இழுத்து மொத்தமாகப் பிரித்துவிடுவார். தப்பாகப் போனால் குடி முழுகிவிடாது என்பது கைக்குத் தெரியத்தான் இந்த விளையாட்டு.

எல்லோரும் சிரித்துக்கொண்டே பிரித்தார்கள். காசிமேட்டில் மீன்வலை பின்னும் அக்கா ஒருவருடைய சங்கிலி மட்டும் இழுத்தும் வரவில்லை. கண்ணிக்குக் கண்ணி முடிச்சு. அவருடைய மகள் முழுகாமல் இருந்தாள். பேரப்பிள்ளைக்குத் தன் கையால் தொப்பி பின்ன வேண்டும் என்றுதான் வந்திருந்தார். முடிச்சு பிஞ்சுத் தலையில் உறுத்தும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கட்னத நானே பிரிக்கிறதா? இன்னா டீச்சர் இது. வலையில ஒரு கண்ணி வுட்டா மீனு பூடும்," என்றார்.

பிடிவாதத்தில் நானும் சளைத்தவள் இல்லை. கண்ணைக் கட்டிவிட்டுப் பின்னச் சொன்னேன். விரல் தன்பாட்டுக்கு முடிச்சுப் போட்டது. ஊசியைக் கொடுத்தேன், அதிலும் போட்டார். எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. அடுத்த வாரம், துறைமுகத்தில் வேலை செய்யும் என் தம்பியிடம் சொல்லி, கட்டைவிரல் பருமனில் பழைய கப்பல் கயிறு ஒரு சுருள் கொண்டுவரச் செய்தேன். முழங்கைதான் ஊசி, கண்ணிக்குள் கையை விட்டுக் கயிற்றை இழுங்கள் என்றேன். அந்தக் கயிற்றில் முடிச்சுப் போட வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் சுருள் முழுவதையும் கண்ணிக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். இரண்டு முடிச்சுப் போட்டார். மூன்றாவதற்கு மூச்சு வாங்கியது. என்னைத் திட்டிக்கொண்டே முடிச்சை விட்டார். சங்கிலி சரசரவென்று வளர்ந்தது.

அதன்பிறகு மெல்லிய பருத்தி நூலில் தொப்பியைத் தொடங்கினார். கடைசிச் சுற்று பாக்கி இருக்கும்போதே மகளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வகுப்புக்கு வந்தார். தாயும் பிள்ளையும் நலம், தலை மட்டும் இத்தனூண்டு என்று கையைக் குவித்துக் காட்டினார். தொப்பி குழந்தையின் மோவாய் வரைக்கும் மூடும். இவ்வளவு அழகாக வந்திருக்கிறது, பத்திரமாக வையுங்கள், வளர்ந்ததும் போடலாம் என்றேன். பிரிக்கவே சொல்லித் தந்த எனக்கு, அதைப் பிரிக்க மனசு வரவில்லை.

அவர் அதற்குள் நுனியைத் தேடிப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருந்தார்.

"வளந்தா வேற போட்டுக்கலாம் டீச்சர். புள்ளைக்கு இப்பத்தான் குளுருது."