லேபிள் மேசையின் முதல் கதிரை

காய்ச்சும் நெல்லிரசத்தின் வாசம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் அந்த லேபிள் மேசைதான் ஞாபகம் வரும்...

அச்சுவேலியில் ஒரு சின்ன நெல்லிரசக் கொம்பனி. என் முதல் வேலை. போத்திலுக்கு லேபிள் ஒட்டும் மேசையில் நாங்கள் நாலு பெண்கள். முதல் கதிரை செல்வி அக்காவுடையது. போத்தில்கள் வரும் லைன் எப்போதும் அங்கேதான் தேங்கும்.

முன்பு ஒருமுறை வேலையை வேகமாக்கவென்று ஒருவர் வந்தார். கையில் ஸ்டொப்வோச். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் போன கையோடு எங்களோடு ஒட்டிக்கொண்டிருந்த மலரை வேலையால் நிற்பாட்டினார்கள். லைன் பழையபடி தேங்கியது.

பிறகு அதே வேலைக்குப் பிரதீபன் சேர் வந்தார். சிரித்தபடி எங்களோடு இருந்து பிளேன்ரீ குடித்தார். நம்புவோமா?

"உந்தச் சிரிப்பைப் பாத்தா ஆரையோ அனுப்பத்தான் வந்திருக்கிறார்," என்றேன்.

"வாயைத் திறவாதேங்கோ பிள்ளையள்," என்றார் செல்வி அக்கா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். இந்த வேலையும் போனால் அக்காவுக்கு வேறு வழியில்லை.

"ஏதும் கஷ்டம் இருக்கோ?" என்று சேர் கேட்டார்.

"இல்லை சேர்... எல்லாம் நல்லா இருக்கு."

எல்லோரும் ஒரே குரலில்.

அக்கா பிந்தும்போதெல்லாம் நான் லேபிள் சுருளைக் கீழே விழுத்திவிட்டுத் தேடுவதுபோல் நேரம் எடுப்பேன். பழி அக்கா மேல் விழக்கூடாது... அது எங்கள் மேசையின் வழக்கம். சேர் அதையும் பார்த்தார். சிரித்தபடியே அடுத்த கதிரைக்குப் போனார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஒருநாள் காலை, "அக்கா, கொஞ்சம் எழும்புங்கோ. நான் ஒருக்கா ஒட்டிப் பாக்கிறன்," என்று அந்தக் கதிரையில் இருந்துவிட்டார். எவ்வளவு கெதியாய் ஒட்டலாம் என்று காட்டத்தானே? அக்காவின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அவர் ஒட்டிய லேபிள் எல்லாம் வழுக்கியது. சேர்ட் முழுக்கப் பசை. மத்தியானம்வரை எழும்பவில்லை.

பின்னேரம் மனேச்சரைக் கூட்டிவந்து, "லைன் இந்தக் கதிரையிலைதான் நிக்குது," என்றார். அக்கா கையிலிருந்த துவாயை இறுக்கிப் பிடித்தார்.

"கழுவின போத்தில் ஈரத்தோடை முதல் வாறது இவவிட்டைத்தான். துடைச்சுத் துடைச்சு ஒட்டவேணும். இவ ஒட்டுற வேகத்திலை அரைவாசியும் என்னாலை ஏலாமல் போச்சு. பிழை ஆளிலை இல்லை."

அடுத்த கிழமை போத்தில்களைக் காயவைக்கப் பெரிய ஃபான் ஒன்று வந்தது. லைன் ஓடியது. அதற்குப் பிறகும் யாரை நிற்பாட்டுவார்களோ என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். சந்தேகம் லேசில் போகுமா... ஒருவரையும் நிற்பாட்டவில்லை. கடைசியில் அக்காவே வாயைத் திறந்தார்.

"சேர், மூடி போடுற மிசினிலையும் ஒரு கரைச்சல் இருக்கு."

இப்போது வேறொரு கொம்பனியில், மிளகாய்த்தூள் பக்கற் பண்ணும் பகுதியைத் திருத்தும் ப்ரொஜெக்டுக்கு நான்தான் லீடர். நானும் சிரித்துக்கொண்டுதான் போகிறேன். பிளேன்ரீயும் குடிக்கிறேன். போன கிழமை கேட்டேன்.

"ஏதும் கஷ்டம் இருக்கோ?"

"இல்லை மிஸ்... எல்லாம் நல்லா இருக்கு."

ஒரே குரல். எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். யாரோ ஒருத்தியை என்னிடமிருந்து காப்பாற்றுகிறார்கள்.

நாளைக்குக் காலையில் யாருடைய கதிரையில் போய் இருப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்...